கோட்டையைக் காப்பவர் யார்?

பயணம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருக்கு நெடுந்தொலைவே நினைவுக்கு வருகின்றது. தில்லியிலும் ஆக்ராவிலும் உள்ள கோட்டைகளைக் காண வேண்டும் என்று விரும்புவோர் உளர். ஐரோப்பாவில் ரைன் ஆற்றின் கரையிலும் லுவார் ஆற்றின் கரையிலும் நிமிர்ந்து நிற்கும் பழைய கோட்டைகளைப் படத்திற் கண்டு ஏங்குவோரும் உளர். அவ்விருப்பம் தவறன்று. ஆயினும், தம் ஊரிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலையில் மீளக்கூடிய தொலைவில் உள்ள கோட்டையை ஒருமுறையேனும் கண்டதுண்டா என்று கேட்டால், அவர்களுட் பலர் வாய் திறவார். ‘இக்கரைக்கு அக்கரை பச்சை’ என்பதும், ‘உள்ளூர் மாடு விலை போகாது’ என்பதும் நம் நாட்டுப் பழமொழிகள். அவை மனிதரின் இயல்பை எடுத்துரைக்கின்றனவே அன்றி, அவ்வியல்பு நல்லது என்று கூறவில்லை.

அண்மையில் உள்ளதை அறியாமல் இருப்பதனால் நமக்கு மட்டுமே இழப்பு என்று எண்ணுதல் கூடாது. அறியப்படாத பொருளுக்கும் அதனால் கேடு விளைகின்றது. பழைய மதிலும் மண்டபமும் தம் கல்லின் உறுதியால் மட்டும் நிற்பதில்லை. அவற்றின் அருகில் வாழும் மக்கள் அவற்றைத் தம்முடையவை என்று கருதும் காலம் வரையிலுமே நிற்கின்றன. இக்கருத்தின் உண்மையைத் தெரிந்துகொள்ளப் புதுச்சேரியில் வாழும் மாணவர் நூலகம் நூலகமாக அலைய வேண்டுவதில்லை. உப்பளத்திலிருந்து செஞ்சி வரையில் ஒரு நாட்பயணம் சென்று மீண்டால் போதும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டரே. அத்தொலைவுக்குள் காலத்தின் நீளம் முழுவதும் சுருண்டு கிடக்கின்றது.

உப்பளம் புதுச்சேரி நகரின் தென்பகுதி. உப்பு விளையும் நிலத்தை அளம் என்பது தமிழ் வழக்கு. ஆதலின் அவ்வூரின் பெயரே அதன் பழைய தொழிலை நமக்குச் சொல்லிவிடுகின்றது. இன்று அங்கே விளையாட்டரங்கமும், துறைமுக வளாகமும், நெருங்கிய தெருக்களும் உள்ளன. உப்பளத்திற்குத் தெற்கே தேங்காய்த்திட்டு; அதனை அடுத்து அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்கின்றது. இவ்வாறு சங்கராபரணி என்னும் ஆற்றின் கிளை. வராக நதி என்றும், செஞ்சியாறு என்றும் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. செஞ்சிப் பகுதியின் மலைகளிலே தோன்றி, வயல்களை நனைத்து, புதுச்சேரியின் தெற்கே கடலை அடைவது அது. ஆகவே, உப்பளத்திலிருந்து செஞ்சிக்குச் செல்பவர் வேற்று நாட்டுக்குச் செல்பவர் அல்லர். தம் ஊரின் ஓரமாகச் செல்லும் நீர் பிறந்த இடத்தைத் தேடிச் செல்பவர் ஆவார். அந்த ஆற்றங்கரையிலேதான் அரிக்கமேடும் உள்ளது. உரோம நாட்டோடு தமிழர் வாணிகம் செய்த பழந்துறை அஃது என்பதனை, 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வு உலகத்திற்கு அறிவித்தது.

நகரை விட்டுப் புறப்படுமுன் இரண்டு இடங்களைப் பார்த்தல் வேண்டும். அவை இரண்டும் அந்நாளின் பயணத்திற்கு முன்னுரை போன்றவை.

முதலாவது, பாரதி பூங்கா. மரநிழலில் மக்கள் இளைப்பாறும் அந்த இடத்திலே ஒரு காலத்தில் லூயி கோட்டை என்னும் பெருங்கோட்டை நின்றது. பிரெஞ்சுக்காரரின் ஆளுநராக விளங்கிய பிரான்சுவா மர்த்தேன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது எழுந்தது. பிரெஞ்சு நாட்டுக் கோட்டைக் கலையின் புதிய முறைகளைப் பின்பற்றி ஐந்து மூலைகளோடு அமைந்த அக்கோட்டையைத் தம் வலிமையின் அடையாளமாகவே அவர்கள் கருதினர். ஆனால், 1758ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரை அடுத்துள்ள ஆங்கிலேயரின் புனித தாவீது கோட்டையைப் பிடித்துத் தகர்த்தான். 1761ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பழிக்குப் பழி வாங்கினர். லூயி கோட்டை அடியோடு இடிக்கப்பட்டது. நகரமும் பேரழிவுக்கு ஆளாயிற்று. இன்று அப்பூங்காவிலே நின்று கோட்டை எங்கே என்று கேட்டால், விடை சொல்ல ஒரு மதிலும் இல்லை.

இரண்டாவது, கடற்கரையில் உள்ள காந்தியடிகள் சிலை. அச்சிலையைச் சூழ்ந்து, நுண்ணிய வேலைப்பாடு அமைந்த உயர்ந்த கருங்கல் தூண்கள் நிற்கின்றன. நாள்தோறும் காலையிலும் மாலையிலும் அவற்றின் அருகே நடப்பவர் எத்தனையோ பேர். அத்தூண்கள் அங்கே பிறந்தவை அல்ல. செஞ்சியில் உள்ள வேங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை அவை. ஓர் ஊரின் கோட்டை மறைந்தது. மற்றோர் ஊரின் தூண்கள் இங்கே வந்து நிற்கின்றன. இவ்விரு செய்திகளையும் நெஞ்சில் இருத்திக்கொண்டு வண்டியில் ஏறுதல் நன்று.

சேதராப்பட்டு வழியாக மயிலம் நோக்கிச் செல்லும் சாலை, நகரின் இரைச்சலை விரைவிலே பின்னே விட்டுவிடுகின்றது. செம்மண் மேடுகளும், முந்திரித் தோப்புகளும், சவுக்கும் பனையும் மாறி மாறித் தோன்றும். ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பு வெயிலில் மின்னும். மழைக்காலத்தை அடுத்த திங்களில் தொலைநாட்டுப் பறவைகள் அங்கே வந்து தங்கும். அவ்வேரியின் ஒரு பகுதி புதுச்சேரிக்கும், மற்றொரு பகுதி தமிழ்நாட்டுக்கும் உரியது. வானில் வரும் பறவைக்கு அந்த எல்லை தெரியாது. ஏரியின் நீருக்கும் தெரியாது. அதனைக் காக்கும் கடமையும் எல்லையைப் பார்த்து நின்றுவிடக் கூடாது.

சிறிது தொலைவு சென்று சாலையினின்று பிரிந்தால் திருவக்கரை வரும். சங்கராபரணியின் கரையிலே, சந்திரமௌலீசுவரர் கோயிலாற் புகழ்பெற்ற ஊர் அது. அவ்வூரின் புறத்தே மற்றொரு விந்தையும் உண்டு. மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன! ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளத்தால் அடித்துவரப்பட்ட மரங்கள் மணலிலும் களிமண்ணிலும் புதைந்தன. காற்றுப் புகாத அவ்விடத்தில் அவை உளுத்துப்போகவில்லை. நீரிற் கரைந்த மணற்சத்து மெல்ல மெல்ல மரத்தின் ஒவ்வோர் அணுவினுள்ளும் புகுந்து அதனைக் கல்லாக்கிற்று. மரத்தின் வளையங்களும் கணுக்களும் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. தட்டினால் மட்டும் கல்லோசை எழுகின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொனரா என்னும் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைக் கண்டு எழுதினார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக அமைத்துக் காத்து வருகின்றனர்.

இங்கே வருவோர் உள்ளத்தில் ஓர் ஆசை எழுவது இயல்பு. இத்தனை துண்டுகள் சிதறிக் கிடக்கின்றனவே, கையடக்கமான ஒன்றை எடுத்துச் சென்றால் என்ன குறைந்துவிடும் என்று மனம் கேட்கும். குறையத்தான் செய்யும். இரண்டு கோடி ஆண்டுகள் வெயிலுக்கும் மழைக்கும் தப்பிய பொருள், ஆளுக்கொரு துண்டு என்று எடுப்பவர் கைக்குத் தப்பாது. இயற்கை அழிக்காததை ஆசை அழித்துவிடும். அழகலமாரியில் வைத்த துண்டு சில நாளில் தூசி படிந்து, எங்கிருந்து வந்தது என்பதும் மறந்துபோகும்; அதன் இடத்திலேயே கிடந்தால் வருவோர்க்கெல்லாம் அது ஆசிரியராகும்.

மீண்டும் சாலையைப் பற்றிச் சென்றால், சிறு குன்றின்மேல் முருகன் கோயில் விளங்கும் மயிலம் தோன்றும். அவ்வூரில் தமிழ்க் கல்லூரியும் உண்டு. கூட்டேரிப்பட்டில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைக் கடந்து மேற்கு நோக்கிச் செல்லும்போது, வழியிற் சற்றே விலகிச் சென்றால் வீடூர் அணையையும் காணலாம். 1950களின் இறுதியில் சங்கராபரணியின் குறுக்கே கட்டப்பட்ட அவ்வணை, விழுப்புரம் மாவட்டத்து வயல்களுக்கும் புதுச்சேரி வயல்களுக்கும் நீர் தருகின்றது. நெல்லும் கரும்பும் மணிலாப் பயிரும் இருபுறமும் பசுமை விரிக்க, இடையிடையே ஏரிக்கரைகளில் பனைமரங்கள் வரிசை வகுத்து நிற்கும்.

திடீரென்று நிலத்தின் தோற்றம் மாறுகின்றது. வானத்தின் விளிம்பிலே மலைகள் எழுகின்றன. அவை சோலை போர்த்த மலைகள் அல்ல. யானை அளவும் வீட்டின் அளவும் உள்ள பாறைகளைக் குவித்து வைத்தாற்போன்ற குன்றுகள். யாரோ பேருருவினர் விளையாடி விட்டுச் சென்ற கற்குவியல்களோ என்று எண்ணத் தோன்றும். அவற்றின் நடுவே ஒரு குன்றின் உச்சியில் மதிலும் மண்டபமும் நூலிழைபோலத் தெரியும். அதுவே செஞ்சி.

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே அரணாக இணைத்துக் கட்டியது செஞ்சிக் கோட்டை. அதன் மதில்களின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இராசகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. படிகள் வழியே, வாயில் பல கடந்து, மூச்சு வாங்க ஏறினால், உச்சியை நெருங்கும்போது ஆழ்ந்த பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடும். அதன்மேல் இடப்பட்டிருந்த பாலத்தை உள்ளே இருப்பவர் எடுத்துவிட்டால், அதற்கு மேல் பகைவன் ஓரடியும் வைக்க இயலாது. ஆங்கிலேயர் இக்கோட்டையைக் ‘கீழ்த்திசைத் திராய்’ என்று அழைத்தனர். பத்தாண்டுகள் முற்றுகையைத் தாங்கியதாகக் கிரேக்கக் காவியம் கூறும் நகரம் திராய். அப்பெயர் செஞ்சிக்குப் பொருந்தும் என்பதை அதன் வரலாறு காட்டுகின்றது.

1200ஆம் ஆண்டளவில் ஆனந்தக் கோன் என்னும் ஆயர்குலத் தலைவர் முதலில் இங்கே அரண் அமைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. விசயநகரப் பேரரசின் காலத்தில் நாயக்கர்கள் இதனைப் பெருங்கோட்டையாக வளர்த்தனர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீசப்பூர்ச் சுல்தானின் படை இதனைக் கைப்பற்றியது. 1677ஆம் ஆண்டில் மராட்டிய மன்னர் சிவாசி இதனை வென்று மேலும் வலுப்படுத்தினார். அவருக்குப் பின் அவர் மகன் இராசாராம், தம் நாடு மொகலாயர் கையில் வீழ்ந்த வேளையில், இங்கே வந்து அடைக்கலம் புகுந்து ஆட்சி செலுத்தினார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690ஆம் ஆண்டில் தொடங்கிய முற்றுகை 1698ஆம் ஆண்டிலேதான் முடிந்தது. பின்னர் இக்கோட்டையை ஆண்ட இராசபுத்திர இளைஞன் தேசிங்கு, 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்துப் போரிட்டு மடிந்தான். அவன் வீரத்தையும், அவனுக்காக உயிர் துறந்த இசுலாமிய நண்பனின் அன்பையும் நம் நாட்டு மக்கள் கதைப்பாடலாகப் பாடிப் போற்றினர்.

இவ்வரலாற்றிலே மாணவர் ஊன்றி நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஏழாண்டுகளுக்கு மேல் மொகலாயப் பெரும்படைக்குப் பணியாத அதே கோட்டை, 1750ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், புசி என்னும் பிரெஞ்சுத் தளபதியின் சிறுபடைக்கு ஓர் இரவிலே பணிந்துவிட்டது! மதில் குறையவில்லை, அகழி தூர்ந்துவிடவில்லை, பாறைப் பிளவும் அங்கேயே இருந்தது. பின்னர் அதனைக் காத்த பிரெஞ்சுக்காரரும், புதுச்சேரி வீழ்ந்த சில திங்களுக்குள், 1761ஆம் ஆண்டு ஏப்பிரலில் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். திருக்குறளில் அரண் என்று ஓர் அதிகாரம் உண்டு. உயர்வும் அகலமும் திண்மையும் கூறிய வள்ளுவர், உள்ளே உணவு நிறைந்திருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றார். முடிவில், எத்துணைச் சிறப்பு உடைய அரணும் செயல்திறம் இல்லாதவரிடத்தில் பயனற்றது என்று தெளிவாக உரைத்துவிடுகின்றார். செஞ்சி அவ்வதிகாரத்திற்குக் கல்லில் எழுதிய உரை எனலாம்.

உணவும் நீரும் அரணின் உயிர் என்பதனைச் செஞ்சியில் கண்ணாரக் காணலாம். மலையடிவாரத்தில் வளைந்த கூரையோடு கூடிய பெருங்களஞ்சியங்கள் இருக்கின்றன. யானைக்குளம், செட்டிகுளம், சக்கரக்குளம் எனக் குளங்கள் பல. உயரமான பாறைகளின் நடுவிலும் வற்றாத சுனைநீர் உண்டு. அடுக்கடுக்காக எழுந்து கூம்பிய கூரையோடு முடியும் கலியாண மகாலுக்கு மண்குழாய்களின் வழியே நீர் கொண்டுவந்தனர். இவற்றை அமைத்த கொத்தர் யார், குழாய் வனைந்த குயவர் யார், கல் சுமந்தவர் யார் என்று கேட்டால் விடை இல்லை. மன்னர் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. உழைத்தவர் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களுடைய கைத்திறம் ஒன்றே அங்கே எஞ்சி நிற்கின்றது. புதுச்சேரி மக்கள் இதனை நன்கு உணர்தல் கூடும். 1760–61இல் ஆங்கிலேயர் நகரைச் சூழ்ந்தபோது, லூயி கோட்டையின் மதில் உடைவதற்கு முன்பே அங்கிருந்தோர் பசியால் உடைந்தனர். ஐரோப்பிய முறையிற் கட்டிய புதிய கோட்டை சில திங்களில் பணிந்தது. குளமும் களஞ்சியமும் சுனையும் கொண்ட பழைய கோட்டை ஏழாண்டுகளுக்கு மேல் நின்றது.

“கோட்டைகள் போரின் சின்னங்கள், கொடுமையின் சின்னங்கள். அவற்றைப் போற்றுவது போரைப் போற்றுவது ஆகாதா?” என்று சிலர் வினவுவர். நல்ல வினாவே. கோட்டைக்குள் இருந்த மன்னன் பாதுகாப்பாக இருந்த நாளில், மதிலுக்கு வெளியே இருந்த உழவனின் பயிர் படைகளின் காலில் மிதிபட்டது என்பது உண்மை. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், கோட்டையை இடித்துவிட்டால் போர் மறைந்துவிடுமா? புனித தாவீது கோட்டையை லாலி இடித்தான், லூயி கோட்டையை ஆங்கிலேயர் இடித்தனர், போர் நின்றதா? பழியே வளர்ந்தது. நிற்கும் கோட்டைதான் போரின் வீண்மையை உரக்கச் சொல்லுகின்றது. நாயக்கர், பீசப்பூரார், மராட்டியர், மொகலாயர், நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனை பேர் இதனைத் தமது என்றனர்! இன்று அவர்களுள் ஒருவரும் இல்லை. அவர்கள் வழிபட்ட கோயிலும் பள்ளிவாசலும் அண்மை அண்மையாக நிற்கின்றன; ஆடு மேய்ப்போர் மதிலின் நிழலில் அமர்கின்றனர். இதனினும் சிறந்த பாடத்தை எந்த நூல் கற்பிக்கும்?

வேறு சிலர், “காப்பதற்கு அரசாங்கம் இருக்கின்றதே, நமக்கு என்ன வேலை?” என்பர். அரசாங்கம் தன் கடமையைச் செய்தே வருகின்றது. 1921ஆம் ஆண்டிலேயே செஞ்சிக் கோட்டை நாட்டின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறை அதனைப் பேணுகின்றது. பழஞ்சின்னங்களைச் சிதைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று 1958ஆம் ஆண்டின் சட்டம் கூறுகின்றது. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராட்டியரின் போர்த்திறம் விளங்கும் 12 கோட்டைகளை யுனெசுகோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. இஃது எல்லோரும் மகிழத்தக்க பெருமையே. ஆயினும், 13 கிலோமீட்டர் மதிலில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காவலரை நிறுத்த எந்த அரசாலும் இயலாது. சட்டம் கையைத் தடுக்கலாம். கருத்தை மாற்றுவது கல்வியின் வேலை.

பிரெஞ்சு நாட்டின் வரலாறு இங்கே நமக்கு ஒரு சான்று தருகின்றது. 1789ஆம் ஆண்டின் புரட்சிக்குப் பின் அந்நாட்டிலே பழைய கோட்டைகளும் மடங்களும் கோயில்களும் இடிக்கப்பட்டன. கற்கள் விலைக்கு விற்கப்பட்டன. அப்போது இளைஞராக இருந்த விக்தர் யூகோ இடிப்போரைக் கண்டித்து எழுதினார். அவருடைய கட்டுரை 1832ஆம் ஆண்டில் மக்களின் உள்ளத்தைத் தொட்டது. 1834ஆம் ஆண்டில் வரலாற்றுச் சின்னங்களின் மேற்பார்வையாளராக அமர்ந்த புரோசுப்பேர் மெரிமே என்னும் எழுத்தாளர், ஊர் ஊராகப் பயணம் செய்து, எவை எவை அழியும் நிலையில் உள்ளன என்று கண்டு குறித்து, அவற்றைக் காக்க வழி செய்தார். லுவார் ஆற்றங்கரையின் கோட்டைகளைக் காண உலகமே இன்று திரண்டு செல்கின்றது என்றால், அதற்குக் காரணம் கட்டிய மன்னர்கள் மட்டும் அல்லர்; காக்க வேண்டும் என்று எழுதியவர்களும், பயணம் செய்து கண்டவர்களும், அவர்களுக்குச் செவி சாய்த்த மக்களுமே ஆவர்.

இனி, கடற்கரையில் நிற்கும் செஞ்சித் தூண்களை நினைத்துப் பார்ப்போம். அவை அங்கேயும் அழகாகவே நிற்கின்றன. ஆயினும், அவற்றைச் செஞ்சியின் கோயில் மண்டபத்திலே வைத்து எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். தன் இடத்தில் நிற்கும் தூண், கூரையையும் சுவரையும் வழிபட வந்தவரையும் நமக்கு நினைவூட்டும். இடம் பெயர்ந்த தூண், செய்யுளிலிருந்து பிய்த்தெடுத்த சீரைப்போன்றது. சீர் இனிது, ஆனால் செய்யுளின் பொருள் அதிலே விளங்காது. அன்று பெயர்த்தவர்கள் வெற்றியின் மிடுக்கிலே பெயர்த்தனர். அத்தூண்களை இன்று மீண்டும் பெயர்த்தல் வேண்டும் என்பது என் கருத்தன்று. பல தலைமுறைகளாகப் புதுச்சேரியின் கடற்கரைக்கும் அவை உரிமை பெற்றுவிட்டன. ஆனால், அவற்றைப் பார்க்கும் ஒவ்வொரு புதுச்சேரி மாணவரும் அவை பிறந்த ஊரின் பெயரைச் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும். ஒருமுறையேனும் அவ்வூருக்குச் சென்று, அவை நின்ற இடத்தைக் கண்டிருத்தல் வேண்டும். கல்லுக்கு நாம் செய்யக்கூடிய நன்றி அதுவே.

இக்காலத்தில் கல்லைப் பெயர்ப்பவர் குறைவு. கல்லின்மேல் கிறுக்குபவர் மிகுதி. மண்டபச் சுவர்களில் கரியாலும் ஆணியாலும் தம் பெயரையும் நண்பர் பெயரையும் பொறித்துச் செல்வோரை எல்லாப் பழஞ்சின்னங்களிலும் காண்கிறோம். கோட்டை கட்டிய கொத்தர்கூடத் தம் பெயரைப் பொறிக்கவில்லை. ஒரு பகற்பொழுது வந்துபோகும் நாம் பொறிக்க முற்படுவது நகைப்புக்கும் நாணத்திற்கும் உரியது அன்றோ? அரிய வேலைப்பாட்டின்மேல் அவ்வாறு எழுதுபவர் தம் பெயரை நிலைநாட்டவில்லை. தம் அறியாமையை நிலைநாட்டுகின்றார்.

ஆகவே, பயணம் செல்லும் முறையையும் நாம் கற்றல் வேண்டும். புறப்படுமுன் செல்லும் இடத்தைப் பற்றி ஒரு சில பக்கங்களேனும் படித்தல் வேண்டும். வழியில் காணும் ஆற்றின் பெயர் என்ன, ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகின்றது, நிலத்தின் நிறம் ஏன் மாறுகின்றது என்று கேட்டல் வேண்டும். கோட்டையில் மதிலை மட்டும் பாராமல், நீர் வந்த வழியையும் நெல் வைத்த இடத்தையும் தேடிக் காணல் வேண்டும். அவ்வூரில் வாழும் முதியோரிடம் பேசுதல் வேண்டும். ஏட்டில் இல்லாத செய்தி அவர்கள் நாவில் இருக்கும். வீடு திரும்பிய பின், கண்டதை வரைந்தோ எழுதியோ வைத்தல் வேண்டும். எடுத்து வரத்தக்கவை இவையே. கல்லும் அன்று, கல்மரத் துண்டும் அன்று. விட்டு வரத்தக்கது நம் காலடிச் சுவடு ஒன்றே. பெயரும் அன்று, குப்பையும் அன்று.

செஞ்சியின் மதில்களைச் சிவாசி காத்தார், தேசிங்கு காத்தான், பின்னர் வந்தவர்களும் காத்தனர். அவர்கள் அனைவரும் பகைவருக்கு எதிராகக் காத்தனர். இன்று மதிலுக்கு வெளியே பகைவர் எவரும் இல்லை. மறதி ஒன்றே அதன் பகை. மறதியை எதிர்த்து நிற்கும் படையில் சேர்வதற்கு வாளும் வேண்டுவதில்லை, வயதும் வேண்டுவதில்லை. அறியும் ஆர்வமும், அருகில் உள்ளதை மதிக்கும் பண்பும் இருந்தால் போதும். உப்பளத்து இளைஞரும் செஞ்சி இளைஞரும் அப்படையில் ஒருங்கே சேர்வாராயின், கோட்டையைக் காப்பவர் யார் என்னும் வினாவுக்கு அவர்களே விடையாவர்.